வாசல் தொட்டிக்கு வரும் விருந்தாளிகள்: சிங்கப்பூரில் வீட்டிலிருந்தே பறவை பார்ப்பது எப்படி

பறவை பார்க்க வேண்டும் என்றால் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போக வேண்டும், கழுத்தில் பெரிய கேமரா தொங்க வேண்டும், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் ஆசை முற்றிய பிறகு. தொடங்குவதற்கு நாலாவது மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில் ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை, ஒரு துளசி இருந்தால் போதும். தரைவீட்டில் இருந்தால் இன்னும் வசதி. பப்பாளி, வாழை, மாமரம் என்று வைத்திருப்பீர்கள், இரவில் வருகிற விருந்தாளிகளும் சேர்ந்துகொள்வார்கள். ஒரு தொட்டியும் இல்லையா? சன்னலுக்கு எதிரே ஒரு மரம் நிற்கிறதல்லவா, அதையே தோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் மரம் தெரியாத சன்னலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடிப்படை ஒன்றுதான். பறவை நம்மைப் பார்க்க வருவதில்லை. பூவுக்கோ பழத்துக்கோ புழுவுக்கோ தண்ணீருக்கோ நிழலுக்கோ வருகிறது. எதற்கு வருகிறது என்று தெரிந்துகொண்டால் எப்போது வரும், எங்கே உட்காரும், நாளைக்கும் வருமா என்பதெல்லாம் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

தீனித் தட்டு வேண்டாம்

இணையத்தில் தேடினால் முதல் படியே தீனித் தட்டு வாங்குவது என்றுதான் வரும். அது பனி பெய்யும் நாட்டுக்காரர்கள் எழுதியது. இங்கே அது சட்டத்துக்குப் புறம்பு. 2020 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் வனவிலங்குச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் காட்டுயிர்களுக்கு உணவு கொடுப்பது குற்றம். வந்து தின்னட்டும் என்று வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போவதும் அதில் சேர்ந்ததுதான். முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி மாட்டினால் 10,000 வெள்ளி வரை. புறாவும் விதிவிலக்கு இல்லை.

நம் வீடுகளில் இதில் ஒரு சங்கடம் உண்டு. அமாவாசைக்கும் திவசத்துக்கும் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவோம். ஊரில் மொட்டை மாடி இருந்தது, இங்கே சன்னல் திட்டிலும் புளோக்குக்குக் கீழே புல்தரையிலும் வைக்கிறார்கள். பெரியவர்களிடம் இதைப் பற்றிப் பேசப் போனால் மனத்தாங்கல்தான் மிஞ்சும் என்று பலர் பேசாமலே இருந்துவிடுகிறார்கள். படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு அந்த இலையை வீட்டாரே சாப்பிடுவதாக மாற்றிக்கொள்ளலாம். "அபராதம் வரும் பாட்டி" என்பதைவிட "அந்தச் சோற்றை ராத்திரியில் எலிதான் தின்னுகிறது பாட்டி" என்றால் காரியம் நடக்கும், அது உண்மையும்கூட.

சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் தீனி வைப்பதில் பறவை பார்ப்பவருக்கு லாபம் கிடையாது. சோறும் ரொட்டியும் வைத்தால் வருவது மைனா, காகம், புறா, அப்புறம் எலி. இவர்கள் நாலு பேரும் கூட்டம் போட்டுவிட்டால் கூச்சப்படுகிற பறவை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. தேன்சிட்டுக்கும் தையல்சிட்டுக்கும் சோறு எதற்கு? சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியும் இதே கணக்குத்தான்.

செடிதான் அழைப்பிதழ்

செடி வைப்பதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் எதை வைக்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. பூச்செடிக் கடையில் கண்ணைப் பறிக்கும் அடுக்குப் பூக்களில் பலவற்றில் தேன் பேருக்குத்தான் இருக்கும், தேன்சிட்டு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஒற்றையடுக்குச் செம்பருத்தி, இட்லிப்பூ, ஹெலிகோனியா, வாழைப்பூ இவற்றுக்குத் திரும்பத் திரும்ப வரும். செம்பருத்தியில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். பூ பெரிதாக இருப்பதால் தேன்சிட்டு முன்வாசல் வழியாகப் போகாது. பூவின் அடிப்பக்கம் உட்கார்ந்து அலகால் ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சிவிட்டுப் போய்விடும், மகரந்தத்தைத் தொடாமலே. உங்கள் செம்பருத்தியின் அடியில் சின்னக் கீறல் இருந்தால் தேன்சிட்டு வந்துபோயிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

கறிவேப்பிலைக்கு வருவோம். இங்கே தமிழர் வீட்டைக் காரிடாரிலிருந்தே கண்டுபிடிக்க வைக்கும் செடி அது. அதில் இலையை யாரோ கடித்துத் தின்பதாகப் புலம்பாத அம்மா கிடையாது. யார் என்று பாருங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும், கருப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை போட்ட இன்னொரு பெரிய வண்ணத்துப்பூச்சியும் எலுமிச்சைக் குடும்பச் செடிகளில்தான் முட்டை இடும். கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான். புழு சின்னதாக இருக்கும்போது கருப்பும் வெள்ளையுமாக, பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும், யாரும் தொட மாட்டார்கள் என்ற தைரியத்தில் இலை நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். வளர்ந்ததும் பச்சைக்கு மாறிவிடும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி ஒரு வாடையைக் கிளப்பும். முட்டையிலிருந்து இறக்கை வரைக்கும் ஏறத்தாழ ஒரு மாதம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைவிட நல்ல பாடம் கிடையாது. ரசத்துக்கு ஒரு கிளையை ஒதுக்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள், அல்லது இரண்டு தொட்டியாக வைத்துவிடுங்கள். செடி மறுபடி துளிர்க்கும்.

விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ தேடி அலைகிறவர்கள் ஒரு எருக்கையே வளர்த்துப் பார்க்கலாம். செம்மஞ்சள் இறக்கையும் கருப்பு வெள்ளை நுனியுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி அதில் முட்டை இட வரும். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துளசி பூத்ததும் கிள்ளிவிடுவதற்கு முன் சில நாள் விட்டுவைத்தால் தேனீக்கள் வரும். ஈஸ்வரமூலி இனத்துக் கொடி ஒன்று கிடைத்தால் 2015-இல் சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரோஜா வண்ணத்துப்பூச்சிக்கே வீடு கொடுக்கலாம், அதன் புழு அந்தக் கொடியைத் தவிர வேறெதையும் தின்னாது. ஆனால் காரிடாரில் அது சுலபத்தில் வராது. வெயிலும் படர இடமும் வேண்டும், பக்கத்தில் பூங்காவும் இருக்க வேண்டும்.

பூச்சிமருந்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். புழு இல்லாத தோட்டத்தில் குஞ்சுக்குத் தீனி இல்லை. தேன் குடிக்கிற தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குச் சிலந்தியும் பூச்சியும்தான் கொண்டுபோய்க் கொடுக்கும்.

தண்ணீர் பற்றிப் பேசும்போது டெங்கியையும் சேர்த்துப் பேசியே ஆக வேண்டும். ஆழமில்லாத மண்சட்டியில் இரண்டு விரற்கடை தண்ணீர் வைத்தால் கொண்டைக்குருவியும் மைனாவும் குளிக்க வரும், அது நல்ல காட்சி. ஆனால் அதே சட்டி ஏடிஸ் கொசுவுக்கும் வசதி. காலையில் ஊற்றினால் சாயங்காலம் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள், ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். இதைத் தினமும் செய்ய முடியாது என்றால் தண்ணீர் வைக்கவே வேண்டாம், செடிக்குத் தெளித்த ஈர இலையிலேயே சிட்டுகள் குளித்துக்கொள்ளும். தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அதிகாரி வந்து பார்க்கும்போது "அது பறவைக்கு வைத்தது" என்பது பதில் ஆகாது.

வீவக வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று: காரிடாரில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தீ விபத்து நேரத்தில் ஆட்கள் ஓடுவதற்கு. கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொட்டி தொங்கவிடுவது கூடவே கூடாது, கீழே விழுந்தால் யார் தலையிலாவது விழும்.

எப்போது உட்காருவது

இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது, ஆகவே அலாரத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஆறே முக்காலிலிருந்து எட்டரை வரை மிக நல்ல நேரம். கையில் காப்பியோடு ஒரே இடத்தில் இருபது நிமிடம் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் எதுவும் நடக்காது, ஏனென்றால் நீங்கள் கதவைத் திறந்த சத்தத்தில் எல்லாரும் ஒதுங்கியிருப்பார்கள். அதற்குள் கைப்பேசியை எடுத்துவிட்டால் அவ்வளவுதான். மத்தியானம் பதினொன்றிலிருந்து மூன்று வரை வெயிலில் பறவையும் ஓய்வெடுக்கும், அந்த நேரம் வண்ணத்துப்பூச்சிக்கும் ஓணானுக்கும் உரியது. நல்ல மழை ஓய்ந்த அரை மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள், இறகைக் காயவைக்க எல்லாரும் வெளியே வந்து உட்காருவார்கள், அசையாமல்.

தினமும் பார்க்க முடியாதவர்கள் வாரத்தில் இரண்டு நாள் ஒரே நேரத்தில் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட மேல். எது வழக்கமானது என்று தெரிந்தால்தான் புதிதாக வந்தது கண்ணில் படும்.

யார் யார் என்று கண்டுபிடிப்பது

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். சிங்கப்பூரில் பதிவான பறவை வகைகள் நானூறுக்கும் மேல், அதில் உங்கள் வாசலுக்கு வருவது இருபதுக்குள் அடங்கிவிடும். மைனாவை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: மைனாவைவிடப் பெரிதா, சின்னதா? அடுத்து அலகு. வளைந்து ஊசி போல இருந்தால் தேன், குட்டையும் தடிமனும் என்றால் விதை, நீளமும் கனமும் என்றால் ஓணான், மீன், பூச்சி. நிறத்தைக் கடைசியில் பாருங்கள், நம் வெயிலில் நிறம் ஏமாற்றும்.

மைனாவிலேயே இரண்டு உண்டு. ஊரில் பார்த்துப் பழகிய பழுப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் உள்ள நாட்டு மைனா இங்கே குறைந்துவிட்டது. காப்பிக் கடையில் நம் தட்டிலேயே கைவைக்கிற கருஞ்சாம்பல் மைனா ஜாவா மைனா. 1920-களில் கூண்டுப் பறவையாகக் கொண்டுவரப்பட்டது, தப்பித்துப் பெருகி இப்போது நாட்டையே எடுத்துக்கொண்டது. சிட்டுக்குருவியும் ஊர்க் குருவி அல்ல. கன்னத்தில் வெள்ளை, அதன் நடுவில் ஒரு கருப்புப் பொட்டு இருந்தால் அது மரச்சிட்டு, இங்கே பெரும்பாலும் அதுதான். அணிலுக்கும் முதுகில் மூன்று கோடு கிடையாது. வயிறு செம்மண் நிறத்தில் இருக்கும், விலாவில் கருப்பும் வெள்ளையுமாகக் கோடு ஓடும். ராமர் தடவிக்கொடுத்த கதையை இங்கே பிறந்த பிள்ளைகளிடம் சொல்லும்போது அவர்கள் கோடு எங்கே என்று கேட்பார்கள், தயாராக இருங்கள்.

கருப்பாக இருப்பவர்களைப் பிரித்துக்கொள்வதுதான் புதியவர்களுக்குத் தலைவலி. கழுத்தில் சாம்பல், கண்ணும் கருப்பு என்றால் காகம். ஏறக்குறைய அதே நீளம், ஆனால் ஒல்லி, நீண்ட வால், கண் ரத்தச் சிவப்பு என்றால் ஆண் குயில். கண் அதே சிவப்பு, ஆனால் மைனா அளவைவிடச் சற்றுச் சின்னது, வெயிலில் பச்சை மினுமினுப்பு, பத்துப் பதினைந்து பேராகப் பப்பாளி மரத்தில் இறங்கினால் அது பளபளப்பு மைனா. அதன் இளசுகள் நெஞ்சில் வெள்ளையும் கருப்புமாகக் கோடு போட்டிருக்கும், வேறு பறவை என்று நினைத்துவிடுவார்கள். பெண் குயில் கருப்பே அல்ல, பழுப்பில் வெள்ளைப் புள்ளி. விடிவதற்கு முன்னாலேயே கூவித் தூக்கத்தைக் கெடுப்பது ஆண். பக்கத்து வீட்டுக்காரர்கள் நகர மன்றத்துக்குப் புகார் எழுதும் அளவுக்குக் கூவும். குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுவது சங்கக் காலத்துக்கும் முந்தைய செய்தி. அது உங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள மரத்திலேயே நடக்கிறது. ஆண் குயில் காகத்தை வம்பிழுத்து விரட்ட வைக்கும்போது கூட்டுப் பக்கம் பாருங்கள்.

தேன்சிட்டு கட்டைவிரல் பருமன்தான். வயிறு மஞ்சள், ஆணுக்குத் தொண்டையும் நெஞ்சும் உலோக நீலம், பெண்ணுக்கு அடிப்பக்கம் முழுக்க மஞ்சள். பூங்காவுக்கோ காட்டுக்கோ பக்கத்தில் இருப்பவர்களுக்குச் செந்நிறத் தேன்சிட்டும் வரும், அதிகாரபூர்வமாக அறிவிக்காவிட்டாலும் சிங்கப்பூரின் தேசியப் பறவையாகப் பலரும் சொல்வது அதைத்தான். கொண்டைக்குருவியின் இங்கத்து உறவுக்கு வாலடியில் சிவப்புக்குப் பதில் மஞ்சள், கண்ணை ஒட்டிக் கருப்புக் கோடு, வாய் ஓயாது. தையல்சிட்டு உருவத்தில் சிறிது, குரலில் பெரிது. வாலைத் தூக்கிக்கொண்டு புதருக்குள்ளேயே சுற்றும், ஆகவே காதால்தான் பிடிக்க வேண்டும். மாங்குயில் மஞ்சளில் கருப்பு முகமூடி, குரல் புல்லாங்குழல், ஆனால் குணம் அப்படி இல்லை. சிட்டுக் கூட்டில் முட்டை, குஞ்சு எடுப்பதில் அது கைதேர்ந்தது. பச்சைப்புறா இலையோடு இலையாக உட்கார்ந்திருக்கும், பத்து நிமிடம் பார்த்த கிளையிலிருந்து திடீரென்று ஐந்து பறந்துபோகும். மீன்கொத்தி தண்ணீரே இல்லாத தோட்டத்துக்கும் வரும், நீலமும் வெள்ளையுமாக விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்து ஓணானுக்குக் காத்திருக்கும்.

இருவாச்சி வந்தால் கொண்டாடுங்கள். சிங்கப்பூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காணாமல் போன பறவை, 1994-இல் புலாவ் உபின் தீவில் மறுபடி தென்பட்டது, செயற்கைக் கூட்டுப் பெட்டிகள் வைத்துப் பெருக்கினார்கள், இன்றைக்கு வீவக வீட்டுச் சன்னலில் வந்து தட்டுகிறது. ஆனால் வாசலில் கூண்டில் சின்னப் பறவை வளர்க்கிறவர்கள் கூண்டை உள்ளே எடுத்துவையுங்கள். இருவாச்சி பழம் மட்டும் தின்பது இல்லை.

கருவிகள்

தொலைநோக்கி ஒன்று இருந்தால் நல்லது, இல்லாமலும் தொடங்கலாம். வாங்குவதானால் 8×32 அல்லது 8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 12 மடங்கு, 20 மடங்கு என்று விளம்பரம் செய்வதை வாங்காதீர்கள், கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். தோட்டத்துக்கு முக்கியமானது எவ்வளவு அருகில் உள்ளதைத் தெளிவாகக் காட்டும் என்பதுதான், இரண்டு மீட்டர் என்றால் தொட்டியில் இருக்கும் வண்ணத்துப்பூச்சியையும் பார்க்கலாம். வீவக வீட்டில் தொலைநோக்கி பிடிப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: உங்களுக்கும் பறவைக்கும் பின்னால் எதிர் புளோக் இருக்கிறது, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். மரத்தின் உயரத்துக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடமும் எதிர் வீட்டு அங்கிளிடமும் முதலிலேயே "பறவை பார்க்கிறேன்" என்று சொல்லிவைத்துவிட்டால் பின்னால் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்காது. பல சமயம் அவர்களே வந்து "இன்றைக்கு ஒன்று வந்தது" என்று சேதி சொல்வார்கள்.

கைப்பேசியில் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியை இறக்கி நம் வட்டாரத் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இலவசம், படமும் குரலும் இருக்கும். வண்ணத்துப்பூச்சி, பல்லி, சிலந்தி எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி. வீட்டிலிருந்து பதிவிடும்போது இடத்தை மறைத்துக் காட்டும் வசதியைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் வீட்டு வாசலே வரைபடத்தில் தெரியும். செயலியில் குரலை ஓடவிட்டுப் பறவையை வரவழைப்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. செய்யாதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துக் கூட்டை விட்டு வந்து வீணாகச் சண்டைக்குத் தேடும்.

செயலி எல்லாம் இருந்தாலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், மழையா வெயிலா, என்ன வந்தது, என்ன செய்தது. கடைசி வார்த்தைதான் முக்கியம். "தேன்சிட்டு" என்று எழுதுவதைவிட "தேன்சிட்டு, சிலந்தி வலையைப் பிய்த்துக்கொண்டு போனது" என்று எழுதினால் அடுத்த வாரமே பயன்படும். ஏனென்றால் அது கூடு கட்டுகிறது.

கூடு கட்டிவிட்டால்

ஆண்டின் முதல் பாதியில் இது அதிகம் நடக்கும். பெண் தேன்சிட்டு காரிடாரில் தொங்கும் செடியிலோ துணிக்கம்பியிலோ பழைய கார்த்திகை விளக்குக் கொக்கியிலோ நாரும் சிலந்தி வலையும் காய்ந்த இலையும் வைத்துச் சுருக்குப்பை போல ஒரு கூட்டைத் தொங்கவிடும். பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் சின்னக் கூரை, அடியில் வால் மாதிரிக் குப்பை தொங்கும். பலர் ஒட்டடை என்று நினைத்துத் துடைப்பத்தால் அடித்துவிடுகிறார்கள், தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போது குறிப்பாகக் கவனியுங்கள். பெரும்பாலும் இரண்டு முட்டை. முட்டையிலிருந்து குஞ்சு பறக்கும் வரை ஏறத்தாழ ஒரு மாதம்.

அந்த ஒரு மாதம் அந்தச் செடிக்கு மட்டும் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள், தொட்டியை இடம் மாற்றாதீர்கள், அதற்குக் கீழே துணி காயப்போடாதீர்கள். படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நீங்கள் நின்றுகொண்டே இருந்தால் தாய் வராது. தாய் வராவிட்டால் குஞ்சு பட்டினி, அதோடு நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று காகமும் பார்த்துக்கொண்டிருக்கும். கதவுக்குள்ளிருந்து கிரில் வழியாகப் பாருங்கள், ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெற்றோர் இரண்டும் மாறி மாறித் தீனி கொண்டுவருவது நன்றாகவே தெரியும்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் அது கீழே விழுந்துவிட்டது என்று பதறி வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பறக்கப் பழகும் வயது அது, தாய் பக்கத்து மரத்தில்தான் இருக்கும். பூனையும் நடைபாதையும் ஆபத்து என்றால் அருகிலுள்ள புதரில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. இறகே முளைக்காததோ அடிபட்டதோ என்றால் ஏக்கர்ஸ் வனவிலங்கு மீட்புக் குழுவை 9783 7782 என்ற எண்ணிலோ, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி மையத்தை 1800-476-1600 என்ற எண்ணிலோ கூப்பிடுங்கள்.

இறக்கை இல்லாதவர்களும் ராத்திரிக்காரர்களும்

ஓணான் பகலில் வேலியில் உட்கார்ந்து தலையாட்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலை செக்கச்செவேல் என்று ஆகிவிடும், விஷம் இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை. பச்சை நிறத்தில் மெல்லிய கொண்டையோடு ஒன்று வந்தால் அதைக் கவனமாகப் பதிவு செய்யுங்கள். அது இந்த மண்ணின் ஓணான். 1980-களில் வடக்கேயிருந்து வந்த அந்தச் செந்தலை ஓணானுக்கு வழிவிட்டுக் காட்டோரத்துக்கு ஒதுங்கிவிட்டது. உடும்பு லோங்காங் (வடிகால்) வழியாகத் தோட்டத்துக்குள் வரும், பெரியது என்றால் இரண்டு மீட்டரையும் தாண்டும். மூலையில் மடக்காமல் வழி விட்டால் தானே போய்விடும், மடக்கினால் வாலால் அடிக்கும்.

தரைவீட்டில் காலையில் கார் போர்ச் சுவரெல்லாம் கறையும் மென்று துப்பிய சக்கையும் கிடக்கிறதா? பழந்தின்னி வௌவால். பக்கத்து மரத்துப் பழத்தைப் பறித்துக்கொண்டு உங்கள் போர்ச்சுக்கு வந்து தொங்கி, சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். எரிச்சல்தான், ஆனால் பார்ப்பதற்கு நாய்க்குட்டி முகம். டார்ச்சைச் சிவப்புத் தாளால் மூடி, கீழே ஓரமாக அடித்துப் பாருங்கள். தொல்லை அதிகமானால் போர்ச் விளக்கை எரியவிட்டால் வேறிடம் தேடிக்கொள்ளும்.

சிக்லாப் பக்கம் இருப்பவர்களுக்கு ஓட்டுக்கு மேல் நடமாடும் மரநாய் பழக்கப்பட்டதாகத்தான் இருக்கும். மாம்பழம், சிக்கு (சப்போட்டா), ரம்புத்தான் எல்லாம் அதற்குப் பிடிக்கும், எலியையும் பிடிக்கும். ராத்திரியில் தோட்டத்தில் பாண்டான் இலை வாசம் வந்து, நீங்கள் பாண்டானே வளர்க்கவில்லை என்றால் மேலே பாருங்கள். நீர்நாய்க் குடும்பம் பக்கத்து ஆற்றிலிருந்து வந்து கோய் மீனை எல்லாம் ஒரே காலையில் காலி செய்துவிட்டுப் போவதும் இங்கே நடக்கிற கதை. குளம் வைத்திருந்தால் வலை போடுங்கள், வாயிற்கதவுக்குக் கீழே உள்ள சந்தை அடையுங்கள்.

பாம்பு வந்தால்? செடியில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒல்லியான பாம்புகள் பெரும்பாலும் தீங்கில்லாதவை, ஆனால் அதைத் தீர்மானிக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள், பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்புங்கள், கதவைச் சாத்துங்கள். தோட்டத்தில் தானே போகிறது என்றால் போகட்டும். வீட்டுக்குள் வந்தாலோ மலைப்பாம்பு சுருண்டு கிடந்தாலோ மேலே சொன்ன எண்களைக் கூப்பிடுங்கள். இங்கே கண்ணைக் குறிபார்த்து விஷத்தைத் துப்பும் கருநாகமும் உண்டு, அபூர்வம்தான், ஆனால் கைப்பேசியோடு முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல் இருக்க அந்த ஒரு காரணம் போதும்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை

வடக்கே குளிர் தொடங்கியதும் சைபீரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கிளம்புகிற பறவைகள் இந்தக் காலத்தில் நம்மைக் கடந்துபோகும், சில இங்கேயே தங்கும். ஆன்டெனாவிலோ வேலிக் கம்பியிலோ கண்ணுக்குக் கருப்புப் பட்டை கட்டிய பழுப்புப் பறவை ஒன்று தினமும் அதே இடத்தில் உட்கார்ந்து கரகரவென்று கத்தினால் அது கீச்சான், மார்ச் வரை அந்த இடம் அதற்குத்தான். நீலவால் பஞ்சுருட்டான்கள் சாயங்காலம் கூட்டமாக வானத்தில் சுழன்று தட்டானையும் தேனீயையும் பிடிக்கும். ஒரே கிளையிலிருந்து பறந்து பூச்சி பிடித்து அதே கிளைக்குத் திரும்பும் சின்னச் சாம்பல் பறவை ஈப்பிடிப்பான்.

இவற்றில் பல இரவில்தான் பறக்கும். விளக்கு வெளிச்சத்தில் திசை தடுமாறியும், கண்ணாடியில் தெரிகிற மரத்தை நிஜம் என்று நினைத்தும் மோதிக்கொள்ளும். அக்டோபர், நவம்பரில் பச்சையும் நீலமும் செம்பழுப்புமாக இதுவரை பார்த்தே இராத ஒரு குட்டை வால் பறவை உங்கள் புளோக்குக்குக் கீழே மயங்கிக் கிடந்தால், அது பிட்டாவாக இருக்க வாய்ப்பு அதிகம். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் ஒரு துணி விரித்து, மெதுவாக வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள், சோறு ஊட்டாதீர்கள், குடும்பமே சுற்றி நின்று படம் எடுக்காதீர்கள். உடனே மீட்புக் குழுவைக் கூப்பிட்டு அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள்.

மோதாமல் தடுக்கப் பெரிய கண்ணாடிக்கு வெளிப்பக்கம் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளி ஒட்டலாம், அல்லது அந்த மாதங்களில் இரவில் திரையை இழுத்துவிட்டு வெளி விளக்கை அணைக்கலாம். கழுகு உருவத்தில் ஒரே ஒரு ஸ்டிக்கரை ஒட்டுவதில் பயன் இல்லை, மிச்சம் இருக்கும் இடமெல்லாம் வழி என்றுதான் பறவைக்குத் தோன்றும். தேன்சிட்டு கார்க் கண்ணாடியோடு சண்டை போடுவது வேறு கதை. அங்கே தெரிகிற தன்னையே எதிரி என்று நினைத்துக்கொள்கிறது. கண்ணாடிக்கு ஒரு பழைய சாக்ஸை மாட்டிவிடுங்கள், சண்டை முடிந்துவிடும்.

நாலைந்து மாதம் நோட்டில் எழுதிவிட்டால் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டாம். தேசியப் பூங்காக் கழகம் பொதுமக்களை வைத்துத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது, வண்ணத்துப்பூச்சிக்கும் தட்டானுக்கும்கூடத் தனித்தனியாக உண்டு, அனுபவம் இல்லாதவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். நிபுணர்கள் காட்டுக்குப் போய் எண்ணிவிடுவார்கள். ஈசூனில் ஏழாவது மாடிச் செம்பருத்திக்கு யார் வருகிறார்கள் என்பது அந்த வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். மைனாதானே, காகம்தானே என்று விட்டுவிடாமல் அவற்றையும் எண்ணி எழுதுங்கள். நாட்டு மைனா குறைந்ததும் ஜாவா மைனா கூடியதும் அப்படி எண்ணியவர்களால்தான் தெரிந்தது.